பழைய காரில் இக்னிஷன் கொயில் திரும்பத் திரும்பப் பழுதாவது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கும்வரை, யாழ்ப்பாணத்தில் பலர் விற்க நினைத்திருந்த கார்களையே திருத்தித் திருத்தி ஓட வேண்டியதாயிற்று. இன்றும் விலை காரணமாக அந்தக் கார்கள்தான் எங்கள் வீதிகளில் ஓடுகின்றன. வாகன மின்வேலை செய்பவன் என்ற முறையில் அவற்றின் உரிமையாளர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளுள் இந்த ஒன்று மிகவும் கூடுதலாக வருவதால், அதற்குரிய பதில்களை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

கொயில் என்ன வேலை செய்கிறது? அது எப்படிச் சாகிறது?

கொயில் என்பது ஒரே இரும்பு உள்ளகத்தின்மீது சுற்றப்பட்ட இரண்டு கம்பிச் சுருள்கள். தடித்த கம்பியாலான முதற்சுருளில் சில நூறு சுற்றுகளும், மயிர்போன்ற மெல்லிய கம்பியாலான இரண்டாம் சுருளில் பல ஆயிரம் சுற்றுகளும் இருக்கும். பற்றரியின் 12 வோல்ற் மின்சாரம் முதற்சுருளில் சிறிது நேரம் ஓடி, பின்னர் சடுதியாக அறுக்கப்படும்போது, இரண்டாம் சுருளில் பல்லாயிரம் வோல்ற் எழுந்து சிலிண்டருக்குள் பொறி விடும் பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பாய்கிறது. அந்த அழுத்தத்தைத் தாங்கி நிற்பது கம்பிகளுக்கு நடுவிலுள்ள மெல்லிய காப்புப் பூச்சும், அதைச் சுற்றி நிரப்பிய எண்ணெய் அல்லது பிசினும் மட்டுமே.

கொயில் சாவது என்றால் பெரும்பாலும் அந்தக் காப்பு சாவதுதான். அதைக் கொல்பவை இரண்டு. முதலாவது சூடு: தேவைக்கு மேலான மின்சாரம் அல்லது தேவைக்கு மேலான நேரம் முதற்சுருளில் ஓடுவதால் வருவது. இரண்டாவது, பாய வேண்டிய பொறி பாய வழியில்லாமல் உள்ளேயே வழி தேடுவது: பிளக்கின் இடைவெளி அகன்றிருந்தாலோ, பிளக் வயர் உள்ளே அறுந்திருந்தாலோ, கொயிலில் எழும் அழுத்தம் தன் உச்சத்துக்கு ஏறிக் காப்பைத் துளைத்துவிடும். புதுக் கொயில் போட்டும் சில மாதங்களில் பழைய கதையே திரும்புகிறதென்றால், இந்த இரண்டில் ஒன்று காரில் அப்படியே இருக்கிறது என்று பொருள். அதைக் கண்டுபிடிக்காமல் வாங்கும் கொயிலின் காசு வீணாகும்.

இரண்டு வருடத்தில் மூன்று கொயில் மாற்றிவிட்டேன். எங்கிருந்து தொடங்க வேண்டும்?

மூன்றும் எந்தச் சிலிண்டரில் போயின என்பதிலிருந்து தொடங்குங்கள். நான்கு பிளக்கின்மேலும் நான்கு கொயில் அமர்ந்திருக்கும் கார்களில் இதைவிடப் பயன்தரும் கேள்வி வேறு இல்லை; ஆனால் பதில் தெரிந்து வருபவர்கள் மிகச் சிலர். மூன்றும் ஒரே சிலிண்டரில் போயிருந்தால், காரணம் பிளக் அமர்ந்திருக்கும் அந்தக் குழியிலோ, அந்தப் பிளக்கிலோ, அந்தக் கொயிலுக்குப் போகும் வயரிலோ இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு சிலிண்டரில் போயிருந்தால், காரணம் எல்லாக் கொயிலுக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது: சார்ஜிங், தேய்ந்த பிளக்குகள், எர்த் (பற்றரியை எஞ்சின் உடலோடு இணைக்கும் வயர்), அல்லது ஒரே தரத்தில் வாங்கிய மலிவான கொயில்கள்.

காரின் கொம்பியூற்றரில் பதிந்த பழுது இலக்கங்களை வாசிக்கும் ஸ்கானர் போட்டால் பி 0301 முதல் பி 0304 வரையான இலக்கங்கள் எந்தச் சிலிண்டர் பொறி தவறுகிறது என்பதைக் காட்டும். கடைசி எண்தான் சிலிண்டரின் எண். பி 0300 வந்தால் தவறுதல் ஒரு சிலிண்டரில் நிலைக்கவில்லை என்று அர்த்தம். பி 0351 முதல் வருபவை கொயிலின் மின்சுற்றைக் குறிப்பவை. 2000 ஆம் ஆண்டையொட்டிய சில ரொயோட்டாக்களில் அதற்குப் பதிலாகப் பி 1300, பி 1305, பி 1310, பி 1315 என்று வரும்.

பொறி தவறும் இலக்கத்தைக் கண்டவுடன் கொயில் வாங்கிவிடாதீர்கள். மூன்றாம் சிலிண்டரின் கொயிலை முதலாவதுக்கும், முதலாவதை மூன்றாவதுக்கும் மாற்றிப் போட்டு ஓடுங்கள். இலக்கம் 0303 இலிருந்து 0301 ஆக இடம் மாறினால் கொயில் பழுது. இலக்கம் மூன்றிலேயே நின்றால் கொயிலில் குற்றமில்லை. இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

என் காரில் ஒரே சிலிண்டரில்தான் போகிறது. எதைப் பார்ப்பது?

ஒரு சம்பவத்தைச் சொன்னால் விளங்கும். உரும்பிராயிலிருந்து ஓர் ஆசிரியை தமது கொரோலா 121 ஐக் கொண்டுவந்தார். பதினான்கு மாதத்தில் மூன்றாம் சிலிண்டரில் மூன்று கொயில் போயிருந்தது. முதலாவதை வேறொரு கராஜில் மாற்றியிருந்தார். இரண்டாவதை மாற்றிக் கொடுத்தவன் நானே. அன்று வேலை நெருக்கத்தில், பழைய கொயிலை இழுத்தெடுத்த கையோடு புதியதைச் செருகிப் பூட்டிவிட்டேன். பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை. அது என் பிழை.

மூன்றாவது தடவை கொயிலை வெளியே எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். அதன் கீழ்முனையிலுள்ள றப்பர் குழாய் ஊறித் தடித்து, விரலால் அமத்தினால் உள்ளே போகுமளவுக்கு இளகியிருந்தது. துடைத்தபோது விரலில் எஞ்சின் ஒயில் ஒட்டியது. றப்பரின் நீளத்துக்கு ஒரு கறுப்புக் கோடு, பென்சிலால் கீறியதுபோல், வளைந்து வளைந்து இறங்கியிருந்தது. பிளக்கின் வெள்ளைப் பீங்கானிலும் அதற்கு நேரே அதே கோடு. பொறி பிளக்கின் முனைக்குப் போகாமல் பக்கவாட்டில் சிலிண்டர் தலைக்குப் பாய்ந்து கரியாக்கிய தடம் அது. குழிக்குள் ரோச் அடித்தால் பிளக்கின் அறுகோணத்தைச் சுற்றி ஒயில் குளமாக நின்றது.

வால்வு மூடியின் கஸ்கெற்றும், பிளக் குழிகளைச் சுற்றி இருக்கும் றப்பர் வளையங்களும் காய்ந்து கல்லாகிப் போயிருந்தன. ஒயில் அந்த வழியாக இறங்கி, கொயிலின் றப்பரை இளக்கி, பொறிக்குப் பிழையான வழியைத் திறந்து கொடுத்திருக்கிறது. கஸ்கெற், வளையங்கள், நான்கு பிளக்குகள், ஒரு கொயில் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றிய பிறகு அந்தக் கார் இதற்காகத் திரும்பி வரவில்லை.

ஆகவே கழற்றிய கொயிலை எறியாதீர்கள். கறுப்புக் கோடு, ஊறிய றப்பர், துருப்பிடித்த சுருள்வில், பிளந்த பிசின் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு காரணத்தைக் காட்டும். கோடு விழுந்த பிளக்கையும் மறுபடி போடக்கூடாது. புதுக் கொயிலின் றப்பரிலும் அதே இடத்தில் கோடு விழும். பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பகிர்ந்து அனுப்பும் டிஸ்ரிபியூற்றருக்குள்ளேயே கொயில் இருக்கும் கார்களில் இதே வேலையை டிஸ்ரிபியூற்றர் தண்டின் சீல் செய்யும். அது கசிந்தால் மூடிக்குள் ஒயில் வரும்.

குழியில் ஒன்றும் இல்லையென்றால் அந்தக் கொயிலின் சொக்கற்றைப் பாருங்கள். எஞ்சினின் சூட்டில் பிளாஸ்ரிக் பூட்டு உடைந்து, சொக்கற் ஆடிக்கொண்டே இருக்கும் கார்கள் பல. எஞ்சின் ஓடும்போது வயரை மெதுவாக அசைத்தால் பொறி தவறுகிறதா என்று கவனியுங்கள். விட்டு விட்டுத் தொடும் எர்த் வயர், கொயிலுக்குள் இருந்து முதற்சுருளின் மின்சாரத்தை விட்டு அறுக்கும் இக்னைற்றர் சுற்றை வாட்டி எடுத்துவிடும்.

வேறு வேறு சிலிண்டரில் மாறி மாறிப் போனால்?

முதலில் சார்ஜிங்கை அளந்து பாருங்கள். எஞ்சின் நிற்கும்போது நல்ல பற்றரியில் 12.4 முதல் 12.7 வோல்ற் இருக்க வேண்டும். ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருப்பது சாதாரணம். ஐடிலில் மட்டும் அளந்துவிட்டு நிறுத்தாதீர்கள். 2500 சுற்று வேகத்தில், ஹெட்லைற் போட்டும் போடாமலும் அளக்க வேண்டும். 15 வோல்ற்றைத் தொட்டால் பற்றரியைச் சார்ஜ் செய்யும் ஒல்ரனேற்றரின் ரெகுலேற்றர் பழுதாகிவிட்டது. அப்படியான காரில் பற்றரித் தண்ணீர் விரைவாக வற்றுவதும், பல்புகள் அடிக்கடி எரிந்து போவதும் சேர்ந்து நடக்கும். பல்பு மாற்றிய கணக்கையும் கொயில் மாற்றிய கணக்கையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள்.

அடுத்தது எர்த். ஸ்ரார்ட் அடிக்கும்போது எஞ்சின் உடலுக்கும் பற்றரியின் எதிர்முனைக்கும் இடையில் அளந்தால் 0.3 வோல்ற்றுக்கு மேல் காட்டக்கூடாது. காட்டினால் எர்த் வயரின் இரு முனைகளையும் கழற்றிச் சுரண்டிப் பூட்டுங்கள். உப்புக்காற்று அடிக்கும் இந்த ஊரில், வெளியே நல்லதாகத் தெரியும் வயர் தோலுக்குள்ளே பச்சையாகப் பூத்திருக்கும். தீவுப் பக்கத்துக் கார்களில் இதை நான் அடிக்கடி காண்கிறேன்.

பிளக் நன்றாகத்தான் இருக்கிறது. அது எப்படிக் கொயிலைப் பழுதாக்கும்?

பிளக் நன்றாக இருக்கிறது என்று சொல்பவர்கள் அதன் நிறத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள். கொயிலுக்கு முக்கியம் நிறமல்ல, இடைவெளி. 1.1 மில்லிமீற்றர் இடைவெளியோடு வந்த பிளக் தேய்ந்து 1.4 ஆனால், அதைத் தாண்ட ஒவ்வொரு பொறிக்கும் கூடுதல் வோல்ற் தேவை. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு பிளக்கும் நிமிடத்துக்கு 1500 தடவை பொறி விடுகிறது. அத்தனை தடவையும் கொயிலின் காப்பு அந்தக் கூடுதல் அழுத்தத்தைத் தாங்கியாக வேண்டும். மேடேறும்போதும், ஏசி போட்டு ஆட்கள் ஏற்றி ஓடும்போதும் சிலிண்டருக்குள் அமுக்கம் கூடுவதால் இந்தத் தேவை இன்னும் ஏறும். அதனால்தான் வீட்டு வாசலில் ஒழுங்காக நின்று ஓடும் கார், ஏ9 இல் பாரத்தோடு போகும்போது குதிக்கத் தொடங்குகிறது.

சாதாரண நிக்கல் பிளக்கை 20,000 கிலோமீற்றரில் கழற்றி, கம்பி அளவியால் இடைவெளியை அளந்து பார்க்க வேண்டும். தரமான இரிடியம் பிளக் ஒரு லட்சம் கிலோமீற்றர்வரை போகும் என்று சொல்லப்படுவது உண்மை. ஆனால் பெட்டியில் இரிடியம் என்று அச்சடித்த எல்லாம் அப்படிப் போகாது. புகை படிந்து கறுத்த பிளக் வேறு பிரச்சினை. அதில் மின்சாரம் கரியின் வழியே கசிந்து பொறி மெலியும், எஞ்சின் தவறும், கொயில் எரிவது அரிது. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில், துளி பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓடிய எங்கள் கார்களில் பிளக் நாளாந்தம் கறுத்தது. கழற்றித் துடைத்துப் போட்டு அதே கொயிலில் பல வருடம் ஓடினார்கள்.

ஒல்ரனேற்றர் வேலை செய்கிறதா என்று பார்க்க, ஓடும்போது பற்றரி வயரைக் கழற்றலாமா?

கூடாது. டைனமோ இருந்த காலத்துப் பழக்கம் அது. ஒல்ரனேற்றர் உள்ள காரில் பற்றரியைச் சடுதியாக விலக்கினால் வயரிங் முழுவதும் பல பத்து வோல்ற் உயரத்துக்கு ஓர் அடி விழும். கொயிலுக்குள் உள்ள இக்னைற்றரும் கொம்பியூற்றர் பெட்டியும் அதில் அடிபடலாம். அன்றே சாகாமல் சில வாரம் கழித்துச் சாவதால் யாரும் அதனோடு இதைத் தொடர்புபடுத்துவதில்லை. பற்றரி முனை தளர்ந்து ஆடும் காரில் இதே அடி வீதியின் ஒவ்வொரு குழியிலும் விழக்கூடும்.

என்னுடையது பழைய ஒஸ்ரின் ஏ40. புதுக் கொயில் தொட முடியாத அளவுக்குச் சுடுகிறது. ஏன்?

முதற்சுருளின் மின்சாரத்தை விட்டு அறுக்கும் பொயின்ற் டிஸ்ரிபியூற்றருக்குள் உள்ள பழைய கார்களில் கொயில் திரும்பத் திரும்ப எரிவதற்கு நான் கண்ட முதற்காரணம், பிழையான கொயிலைப் போடுவதுதான். உருளைக் கொயில்கள் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்தாலும் இரண்டு வகை உண்டு. ஒன்று நேரடியாக 12 வோல்ற்றில் வேலை செய்வது. அதன் முதற்சுருளின் தடை ஏறத்தாழ 3 ஓம். மற்றது, மின்சாரத்தை மட்டுப்படுத்தும் ஒரு தடையுடன் சேர்ந்து வேலை செய்வது. அதன் முதற்சுருள் ஏறத்தாழ 1.5 ஓம். ஒஸ்ரின் ஏ40, மொரிஸ் மைனர் போன்ற கார்களுக்கு முதலாவது வகைதான் உரியது. அவற்றில் இரண்டாவதைப் போட்டால், 4 அம்பியர் ஓட வேண்டிய இடத்தில் 8 அம்பியர் ஓடும், சூடு இரட்டிப்பாகும், பொயின்ற்றும் கருகும். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் சொல்லி பஸ்ஸில் எடுப்பிக்கும்போது 12 வோல்ற் கொயில் என்று மட்டும் சொன்னால் எது வரும் என்று சொல்ல முடியாது. வந்ததும் பூட்டுமுன் அளந்து பாருங்கள். மீற்றரின் இரு முனைகளையும் ஒன்றாகத் தொட்டுக் காட்டும் அளவைக் கழித்துவிட வேண்டும். இவ்வளவு சிறிய தடையில் அந்தப் பிழை பெரியது.

இரண்டாவது காரணம் சாவி. எஞ்சின் நின்ற பிறகு சாவியைத் திறந்தபடி விட்டால், பொயின்ற் மூடிய நிலையில் நின்றிருக்கும்பட்சத்தில், மின்சாரம் அறுபடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். கோயில் வீதியில் காரை நிறுத்திவிட்டுப் பாட்டுக் கேட்டபடி இருக்கும் அரைமணி நேரம் போதும், கொயில் கொதித்து எண்ணெய் கக்குவதற்கு. றேடியோவுக்குச் சாவியின் வழியாக அல்லாமல் பியூஸுடன் தனி வயர் கொடுப்பது நல்லது.

பொயின்ற் இடைவெளியையும் பாருங்கள். இந்தக் கார்களின் லூக்காஸ் டிஸ்ரிபியூற்றர்களில் அது 0.35 முதல் 0.40 மில்லிமீற்றர் வரை இருக்க வேண்டும். ஒடுங்கினால் பொயின்ற் மூடியிருக்கும் நேரம் கூடி, கொயில் அதிகம் சுடும்.

இன்னொன்று எங்கள் ஊருக்கே உரியது. இந்தக் கார்கள் கம்பனியிலிருந்து வந்தபோது நேர்முனை எர்த் உள்ளவை, அதாவது பற்றரியின் நேர்முனை காரின் உடலோடு இணைக்கப்பட்டவை. பின்னாளில் ஒல்ரனேற்றர் போடுவதற்காகப் பலவற்றை எதிர்முனை எர்த்துக்கு மாற்றிவிட்டார்கள். கொயிலின் இரு வயர்களை மாற்ற மறந்துவிட்டார்கள். கார் அப்படியும் ஓடும். ஆனால் பிளக்கின் நடுமுனை எதிர்மின்னாக இருக்கும்போதுதான் பொறி இலகுவாகப் பாயும். சூடான முனையிலிருந்து மின்சாரம் எளிதாகப் புறப்படுவதே அதற்குக் காரணம். தலைகீழானால் கூடுதல் வோல்ற் வேண்டும், அந்தச் சுமை கொயிலின்மேல்தான் விழும். எதிர்முனை எர்த் உள்ள காரில் கொயிலின் எதிர்க்குறி முனை டிஸ்ரிபியூற்றருக்குப் போக வேண்டும். நேர்முனை எர்த் உள்ள காரில் நேர்க்குறி முனை போக வேண்டும்.

மீற்றரில் கொயில் சரியாகக் காட்டுகிறது. சூடானதும் கார் நிற்கிறது. எதை நம்புவது?

காரை நம்புங்கள். மீற்றர் கொயிலைச் சோதிப்பது ஒன்றிரண்டு வோல்ற்றில்; கொயில் வேலை செய்வது பல்லாயிரம் வோல்ற்றில். கம்பி அறுந்ததை மீற்றர் காட்டும், காப்பு துளைபட்டதைப் பெரும்பாலும் காட்டாது. சூட்டோடு அளந்தாலும் ஒன்றைக் கருத்தில் வையுங்கள்: செம்பின் தடை ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் ஏறத்தாழ 0.4 வீதம் கூடும். 30 பாகையில் 3.0 ஓம் காட்டிய நல்ல கொயில் 80 பாகையில் 3.6 காட்டும். அது பழுதல்ல. உள்ளே இக்னைற்றர் உள்ள நான்கு முனைக் கொயில்களில் ஓம் அளப்பதே பயனற்றது. அவற்றுக்கு இடம் மாற்றிப் பார்ப்பதுதான் சோதனை.

பிளக் வயர் உள்ள கார்களில் வயர்களைத் தவறாமல் அளக்க வேண்டும். ரொயோட்டாவின் பழைய கார்களில் ஒரு வயருக்கு 25,000 ஓம் என்பது உச்ச எல்லை. எல்லையற்றது என்று மீற்றர் காட்டினால் வயர் உள்ளே அறுந்துவிட்டது, கொயிலின் கொலைகாரன் அகப்பட்டுவிட்டான். பொறி வருகிறதா என்று பார்க்க வயரைக் கழற்றி அந்தரத்தில் பிடித்துக்கொண்டு ஸ்ரார்ட் அடிப்பதையும் விட்டுவிடுங்கள். ஒரு பழைய பிளக்கைச் செருகி, அதன் உடலை எஞ்சினில் நன்றாக எர்த் ஆகும்படி வைத்துப் பாருங்கள். பெற்றோல் மணக்கும் இடத்தில் அதையும் செய்ய வேண்டாம். இதயத்துடிப்புக் கருவி பொருத்தியவர்கள் அருகில் நிற்கக்கூடாது.

மாரி காலத்தில்தான் கொயில் போகிறது. மழைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. ஐப்பசி தொடக்கம் மார்கழிவரை வெள்ளம் நிற்கும் ஒழுங்கைகளில் வேகமாகப் போகும்போது எழும் தண்ணீர் பொனற்றுக்குள் புகுந்து பிளக் குழிகளில் தங்கிவிடும். மழையைவிடக் கொடியது, சேர்விஸ் செய்யுமிடத்தில் சூடான எஞ்சினின்மேல் நேரே பீச்சி அடிக்கும் தண்ணீர். குழிக்குள் இறங்கியது தானாக வெளியேற வழியில்லாமல் பிளக்கைத் துருவேற்றி, பொறியைப் பக்கத்துக்கு இழுக்கும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்பு கூடியது. வற்றிய பின்னும் வெள்ளைப் படிவை விட்டுச் செல்லும். எஞ்சினைக் கழுவத்தான் வேண்டுமென்றால் ஈரத்துணியால் துடையுங்கள். தண்ணீர் புகுந்துவிட்டால், கொயிலைக் கழற்றிக் குழியைக் காற்றடித்து உலர்த்தியபின் ஸ்ரார்ட் செய்யுங்கள்.

அசல் கொயிலா, மலிவான புதியதா, ஜப்பானில் பாவித்ததா?

வசதி இருந்தால் அசல். இல்லையென்றால், பெயர் தெரியாத புதியதைவிட, இடம் மாற்றிச் சோதித்து வாங்கக்கூடிய பாவித்த அசலையே நான் விரும்புவேன். அதன் எஞ்சிய ஆயுளை யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் பழுதானால் காரணம் அதன் வயதா, காரா என்று பிரித்தறிய முடியும். தரம் தெரியாத கொயில் போனால் அந்தத் தெளிவும் இராது. பெட்டியையும் ஒட்டியிருக்கும் மினுக்கத்தையும் வைத்துத் தீர்மானிக்காதீர்கள்.

ஒன்று போனால் நான்கையும் மாற்ற வேண்டுமா?

கொயிலுக்கு வேண்டாம். பிளக்குகளுக்கு வேண்டும்.

ஒரு கொயில் போன நிலையில் ஊருக்குள் ஓடலாமா?

வீடு வந்து சேர மட்டும். எரியாத பெற்றோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டரைச் சூடாக்கி உருக்கிவிடும். அதன் விலை கொயிலைவிடப் பல மடங்கு. செக் எஞ்சின் விளக்கு நின்று எரியாமல் மினுங்கினால் அப்போதே ஓரமாக நிறுத்துங்கள்.

காரணத்தைக் கண்டு திருத்தியாயிற்று. இனி எப்போது பார்க்க வேண்டும்?

புதுக் கொயில் போட்ட திகதி, கார் ஓடியிருந்த கிலோமீற்றர், சிலிண்டர் எண் மூன்றையும் கொயிலின் தலையிலேயே அழியாத பேனாவால் எழுதிவிடுங்கள். 1000 கிலோமீற்றரில் அந்த ஒன்றை மட்டும் கழற்றி, றப்பரைத் துடைக்காமல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஒயிலும் இல்லை, வெள்ளைப் படிவும் இல்லை, கறுப்புக் கோடும் இல்லை என்றால் றப்பரின் உள்விளிம்பில் சிலிக்கன் கிறீஸ் மெல்லியதாகப் பூசி மீண்டும் செருகுங்கள். அடுத்த பார்வை மாரி முடிந்து, தை மாதத்தில் போதும்.